வாலைக் கண்டு காற்றைச் சொல்லுதல்

சூரியக் காற்றைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அப்படியொன்று உண்டென்று காட்டிக்கொடுத்தது வால்வெள்ளியின் வால். மட்டக்களப்பின் கிரானுக்கு மேற்கே மாதவனை மேய்ச்சல் தரையில் பட்டிக்குக் காவல் கிடப்பவருக்கு விடியற்புறம் ஒரு வால்வெள்ளி தென்பட்டால், அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருப்பதைக் காணலாம். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போதோ வால் முன்னே போகும், தலை பின்னே போகும். தூசியாலான வால் சற்று வளையும். மின்னேற்றம் பெற்ற வாயுவின் வால் நேராக, நீலமாக நிற்கும். இந்த நேர்வாலை ஒளியின் அழுத்தம் மட்டும் இப்படித் தள்ளாது, சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசவேண்டும் என்று ஜெர்மானியரான லுட்விக் பியர்மன் 1951இல் வாதிட்டார். காரியத்திலிருந்து காரணத்துக்குப் போகும் இந்த வழி சைவ சித்தாந்திகளுக்குப் பழகிய வழிதான். சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமே உலகின் தோற்ற ஒடுக்கத்தைக் கொண்டு அதற்கொரு கருத்தாவை நிறுவுகிறது. அப்படியானால், காணாத காற்றை ஏற்கும் விஞ்ஞானம் காணாத கடவுளை ஏன் ஏற்கக்கூடாது? கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் அதனால் விஞ்ஞானத்துக்கும் பயனில்லை, சிவனுக்கும் பயனில்லை என்பதே என் கட்சி.

1958இல் சிகாகோவில் இருந்த யூஜின் பார்க்கர் ஒரு கட்டுரை எழுதினார். பத்து இலட்சம் பாகைக்கு மேல் கொதிக்கும் சூரியனின் வெளிவளியை ஈர்ப்பால் கட்டிவைக்க முடியாது, அது செக்கனுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் வெளியே பாயும் என்பது அவர் கணக்கு. மதிப்பிட்ட இருவரும் தள்ளிவிட்டார்கள். சஞ்சிகையின் ஆசிரியரோ தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் முடிவு பிடிக்கவில்லை. ஆனால் கணிதத்தில் பிழை காட்ட எவராலும் முடியவில்லை என்பதால் அச்சேற்றினார். 1935இல் தன் வெண்குறு விண்மீன் கணக்கை வானியலாளர் எடிங்டன் சபை நடுவே ஏளனம் செய்யக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்த வடு இதில் வேலை செய்திருந்தால் வியப்பில்லை. சேம்பர்லேன் என்பவர், வீசுவது மெல்லிய தென்றல்தான் என்று மாற்றுக் கணக்கும் வைத்திருந்தார். 1962இல் வெள்ளியை நோக்கிப் போன மரினர் 2 விண்கலம் வழிநெடுக அளந்தது தென்றலை அல்ல, பார்க்கர் சொன்ன வேகக் காற்றையே. கருவியில் துகள் படாதிருந்தால் பார்க்கரின் கதை அன்றே முடிந்திருக்கும். கடவுளுக்காகச் செய்யும் அனுமானத்துக்கு இந்த ஆபத்து எங்கே இருக்கிறது? மாரி மழை வேளைக்குப் பெய்தால் கருணை. அதுவே பெருகி கிரான் புலிபாய்ந்தகல் வீதியை மூடினால் வினைப்பயன். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் முன்கூட்டிச் சொல்லாது.

மரினரையும் கிரானில் எவரும் கண்டதில்லையே, அதுவும் பிறர் சொல்லை நம்பும் உரையளவைதானே என்று கேட்கலாம். நியாயமான தடை. சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக அடக்கினார். நம் அறிவில் பெரும்பங்கு மூன்றாவதால் வந்தது. ஆனால் ஆகமத்தின் வலிமை சொன்னவரிடம் இருக்கிறது. விஞ்ஞானத்தில் அந்த வலிமை, வேறெவரும் திரும்ப நடந்துபார்க்கக்கூடிய வழியில் இருக்கிறது. 2023 செப்டெம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆதித்யா எல்1 விண்கலம், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நின்று அதே காற்றைத் தன் கருவியால் அளக்கிறது. பார்க்கரின் வார்த்தை அதற்குத் தேவையில்லை.

அனுமானம் கைவிட்டால் சமயத்துக்கு நிற்க இடமேது என்பது அடுத்த தடை. சிவஞானபோதமே விடை வைத்திருக்கிறது: ஒன்பதாம் சூத்திரம் ஊனக்கண்ணால் பதியை அறியவியலாதென்று விலக்கி, ஞானக்கண்ணைக் கேட்கிறது. முதற் சூத்திரம் எதிர்வாதிகளுக்குச் சொன்னது. அடியாருக்கு வேண்டியது ஒன்பதாவதுதான். மட்டக்களப்பு மண்ணின் விபுலாநந்த அடிகள் 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், 1924இல் துறவி. தன் இசையாய்வான யாழ் நூலில் தேவாரத்துக்கு ஓர் இயலே ஒதுக்கிய அவர், சுருதிக் கணக்கை எண்ணால்தான் முடித்தார். விடுபட்ட இடத்தில் பக்தியை இட்டு நிரப்பவில்லை.

தூமகேது, அதாவது வால்வெள்ளி, தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்ற நம்பிக்கை வேறு வகை, அது தோற்கக்கூடியது. ஹேலி வால்வெள்ளி 1986இல் வந்தபோது இலங்கையின் கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்தது உண்மைதான். போர் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. வால்வெள்ளி திரும்பிப் போனபிறகும் 2009 வரை முடியவில்லை. அது அடுத்து வரப்போவது 2061இல்.