விட்டுப்போனவனின் நேற்று

ஒருமுறை மீட்கப்பட்டவன் என்றைக்கும் மீட்கப்பட்டவனே என்ற கிறிஸ்தவக் கொள்கை விசுவாசிக்கு ஆறுதல் தருவது என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கென்னவோ அது விசுவாசியைவிட விட்டுப்போனவனைப் பற்றியே அதிகம் பேசுவதாகப் படுகிறது.

1610ல் அர்மீனியஸின் சீடர்கள் ஹாலந்தில் வெளியிட்ட ஐந்து அம்ச அறிக்கையில், மெய்யான விசுவாசி கிருபையிலிருந்து விழக்கூடுமா என்ற கேள்விக்கு மட்டும் முடிவு சொல்லவில்லை. வேதத்தில் இன்னும் ஆராயவேண்டும் என்று நிறுத்திக்கொண்டார்கள். இறையியலில் அபூர்வமான அடக்கம் இது. 1618-19ல் கூடிய டார்ட் சங்கத்துக்கு இந்த அடக்கம் பொறுக்கவில்லை. விழமாட்டான், தேவன் தெரிந்துகொண்டவனை முடிவுவரை காப்பார் என்று தீர்த்துவிட்டது. அர்மீனியஸ் பக்கம் நின்ற சுமார் 200 போதகர்கள் பதவி இழந்தார்கள்.

ஆனால் விட்டுப்போகிறவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்? யோவானின் முதல் நிருபத்தை ஆதாரமாக வைத்துக் கொள்கை தரும் பதில்: போனவன் நம்மவனாக இருந்ததே இல்லை. தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. அதுதான் உறுத்துகிறது.

சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது சபைக்குப் போவதில்லை. கேட்டால், ஜெபம் நின்றுபோச்சு சார் என்பார், அவ்வளவுதான். வழிதவறிவிட்டார் என்று பழைய நண்பர்கள் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவர்கள் சொன்னது, அவர் ஆரம்பத்திலிருந்தே விசுவாசி இல்லை என்று. அப்படியானால் மகனுக்கு ஜுரம் கண்ட ராத்திரிகளில் விடியவிடிய முழங்காலில் நின்றது யார்? நாளையைக் காப்பாற்ற நேற்றைப் பறிமுதல் செய்கிற காரியம் இது.

உள்ளே இருப்பவர்களுக்கும் இதில் லாபம் இல்லை. அன்று அவர் செய்த ஜெபமும் இன்று இவர்கள் செய்வதும் உள்ளிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். வங்கி டெபாசிட்டுக்கு 2020லிருந்து 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் இருக்கிறது. போட்டவனுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. ஆனால் உன் கணக்கே நிஜமா என்பது கடைசியில்தான் தெரியவரும் என்றால், அந்த இன்ஷூரன்ஸை நம்பி எவன் நிம்மதியாகத் தூங்குவான்?

குரங்குக் குட்டி, பூனைக் குட்டி உவமையைச் சொல்லி, தென்கலையும் கால்வினும் ஒன்று என்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. பிள்ளை லோகாசாரியரிடம் ஆத்மா ஈசுவரனின் உடைமை, எல்லா ஆத்மாவும். கன்றின் அழுக்கைப் பசு நக்குவதுபோல அவன் நம் தோஷத்தையும் விரும்புகிறான். டார்ட்டில் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் சிலர். ஆகவே யார் அசல், யார் போலி என்று பிரிக்கும் வேலை வந்துவிடுகிறது. இங்கே அந்த வேலைக்கே இடமில்லை. அதற்குப் பதில் வேறொரு சிக்கல்: எல்லோரும் அவனுடையவர்கள் என்றால் சரணாகதி எதற்கு? விலக்காமல் இருந்தால் போதும் என்கிறது தென்கலை. சின்ன வியாஜமாவது வேண்டாமா, இல்லாவிட்டால் ஒருவனுக்கு அருளி ஒருவனை விடும் பகவான் பட்சபாதி ஆகமாட்டானா என்பது வேதாந்த தேசிகரின் கேள்வி. லேசாகத் தள்ளக்கூடியதல்ல. ஜெபம் நின்றுபோவது விலக்குவதாகுமா என்பதற்குத் தென்கலை பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் நேற்றைய ஜெபம் பொய் என்று சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் இரண்டு கலைக்குமே இல்லை.

வைஷ்ணவராகப் பிறந்து 1858ல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பன்யனின் 1678ஆம் வருஷத்து நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பன்யன் கால்வின் வழிக்காரர். ஆனாலும், தான் கிறிஸ்துவை விற்றுவிட்டோம் என்ற பயத்தில் நெடுங்காலம் வெந்தவர். விசுவாசத்தை மறுதலித்து, தான் நரகத்துக்கே என்ற நிச்சயத்தோடு 1548ல் செத்த இத்தாலிய வக்கீல் ஸ்பீராவின் கதை அவரை உலுக்கியிருக்கிறது. அவருடைய ஆங்கில மூலத்தில் இரும்புக் கூண்டில் ஒரு மனிதன் இருக்கிறான். முன்பு நீ யார் என்று யாத்திரிகன் கேட்க, தன் கண்ணுக்கும் பிறர் கண்ணுக்கும் நல்ல பக்தனாக இருந்ததாகச் சொல்கிறான். 'கண்ணுக்கு' என்பதில் பன்யன் டார்ட்டுக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்தான். ஆனால் பக்கத்தில் நிற்கும் இருவரில் ஒருவர்கூட, நீ பக்தனாக இருந்ததே இல்லை என்று அவனிடம் சொல்வதில்லை. கேட்டுக்கொள்கிறார்கள், பயப்படுகிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். கூண்டுக்கு எதிரில் வாதம் செய்ய பன்யனுக்குக் கை வரவில்லை.