கசிவும் கழுவாயும்: எண்ணெய்க் குழாய் விபத்துகளில் பொறுப்பு என்னும் அறம்

முன்னுரை

அறியாமல் நேர்ந்த தீங்குக்கு ஒருவர் எந்த அளவு பொறுப்பாவார் என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. நிலத்தடியிலும் கடலடியிலும் எண்ணெய்க் குழாய்கள் செல்லும் இக்காலத்தில் அவ்வினா புதிய வடிவம் பெற்றுள்ளது. குழாய் உடைய வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை. எனினும் குழாய் உடைகிறது, நீரும் மணலும் கெடுகின்றன, தொழில் நின்றுபோகிறது. எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் உண்டா? திருவனந்தபுரம் கடற்கரையில் 2021ஆம் ஆண்டு நேர்ந்த எண்ணெய்க் கசிவை முதன்மைச் சான்றாகக் கொண்டு, மனுநீதிச் சோழன் கதையின் துணையோடு இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

கோட்டையும் கரையும்

கிழக்கேகோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சங்குமுகம் கடற்கரை அமைந்துள்ளது. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் நிறைவில் ஆறாட்டு ஊர்வலம் மேற்குக்கோட்டை வழியாக இக்கரைக்குச் செல்கிறது. அதற்காக விமான நிலைய ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுவது வழக்கம். கோட்டை சார்ந்த நகரத்திற்குக் கடல் ஆண்டுக்கு இருமுறை சென்று சேரும் புனித இடம். கரையில் வாழும் மீனவர்க்கோ அது நாள்தோறும் சோறிடும் இடம்.

சங்குமுகத்திற்கு வடக்கே, கொச்சுவேளியில், கேரள அரசின் பொதுத்துறை நிறுவனமான திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை உள்ளது. 1946இல் நிறுவப்பட்ட இவ்வாலை, கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டு என்னும் கனிமத்திலிருந்து வண்ணப்பூச்சுக்குரிய வெண்ணிறமியை உருவாக்குகிறது. 2021 பிப்ரவரி 10 அன்று ஆலையின் எண்ணெய்க் குழாய் உடைந்தது. ‘ஃபர்னஸ் ஆயில்’ எனப்படும் உலை எண்ணெய் கழிவுநீர் ஓடை வழியே கடலில் கலந்து, வேளி, சங்குமுகம் கரைகளில் படிந்தது. நகரச் சுவர்களை வெண்மையாக்கும் தொழிலின் கருமை கடற்கரையில் வந்து சேர்ந்தது.

உலை எண்ணெய் பெட்ரோலைப் போல விரைவில் ஆவியாவதில்லை. அது கெட்டிப்பட்டு மணலோடு கலந்து தார்க் கட்டிகளாகிறது. அலைகள் அதன்மேல் புதுமணலைப் பரப்பும்போது கறை மறைகிறதேயன்றி நீங்குவதில்லை. கரையரிப்பு நிகழும் பருவத்தில் அது மீண்டும் வெளிப்படக்கூடும். இப்பகுதி மீனவர் கரையில் நின்று கரைமடி இழுப்பவர். அவர்களின் வலை இந்த மணலின்மீதுதான் இழுக்கப்படுகிறது. எண்ணெய் பட்ட வலை பயனிழக்கும். எண்ணெய் பட்டதாக ஐயுறப்படும் மீன் விலையிழக்கும். மீனைத் தலைச்சுமையாக நகரத்திற்குக் கொண்டுவந்து விற்கும் பெண்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் எளிதில் சேர்வதில்லை.

எண்ணமும் பொறுப்பும்

இத்தகைய நிகழ்வுகளில் இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. ஒன்று, இது எண்ணிச் செய்யப்பட்டதன்று என்பது. மற்றொன்று, இயற்கையே காரணம் என்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது இரண்டாம் விடையும் எழுந்தது.

இந்தியச் சட்டம் இவ்விரு விடைகளையும் முன்பே எதிர்கொண்டுள்ளது. 1985 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த ஓலியம் வாயுக் கசிவை ஒட்டிய வழக்கில், நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு 1986இல் ‘முழுப் பொறுப்பு’ என்னும் கொள்கையை வகுத்தது. இடர் மிக்க தொழிலை நடத்துவோர், கவனக்குறைவு இல்லையெனினும், இயற்கைச் சீற்றம் குறுக்கிட்டதெனினும், விளைந்த தீங்குக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் தவறு மெய்ப்பிக்கப்படாத நிலையிலும் பொறுப்பு உண்டு என ஏற்கிறது.

மனுநீதிச் சோழன் வழக்கு

இக்கொள்கைக்கு நெருங்கிய சிந்தனை தமிழ் மரபில் நெடுங்காலமாக உள்ளது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன்முன் எடுத்துரைப்பதும், பெரியபுராணத்தில் சேக்கிழார் விரித்துரைப்பதுமான கதை அது. இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணவில்லை. கன்று தானே தேர்க்காலின் இடையே புகுந்தது. இக்கால வழக்கில் இது விபத்து. கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர் கூறினர். அரசன் அதனை ஏற்கவில்லை. கழுவாய் செய்தவனின் பழியைத் தீர்க்கலாம். கன்றை இழந்த பசுவின் துயருக்கு அது மருந்தாகுமா என்பதே அவன் எழுப்பிய வினா. அறத்தை அளக்கும் இடத்தைச் செய்தவனின் மனத்திலிருந்து இழந்தவரின் துயருக்கு மாற்றியது இவ்வினா எனலாம்.

இன்றைய இழப்பீடும், எண்ணெய் படிந்த மணலை அள்ளி அகற்றுவதும் தேவையானவையே. ஆயினும் அவற்றோடு கடமை முடிந்தது என்று கருதும்போது அவை கழுவாயாகச் சுருங்கிவிடுகின்றன.

எனினும் இக்கதையின் எல்லையையும் நாம் உணர வேண்டும். மகன்மீது தேர் செலுத்தியதால் கன்று பிழைக்கவில்லை. இறைவன் தோன்றிய பின்னரே அது எழுந்தது. சங்குமுகத்து மணலுக்கு அத்தகைய மீட்பு இல்லை. எனவே இங்கு அறம், தீங்கின் பின்னர் எழும் தண்டனையில் அன்றி, தீங்குக்கு முன்னுள்ள தேர்வில் தொடங்க வேண்டும். குழாயை எவ்வழியே கொண்டுசெல்வது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது, கழிவுநீர் ஓடைக்கும் கடலுக்கும் இடையே தடுப்பு அமைப்பதா இல்லையா என்பன அனைத்தும் எண்ணிச் செய்யப்படும் முடிவுகள். குழாய் எந்நாளில் உடையும் என்பதை எவரும் அறியார். உடைந்தால் எண்ணெய் எவர் வாழிடத்தைச் சேரும் என்பதை வரைபடம் முன்பே காட்டிவிடுகிறது. ஆதலால் கசிவு விபத்தாக இருக்கலாம். அதன் சுமை இன்னாரைச் சேரும் என்பது விபத்தன்று.

மணியும் மணியோசையும்

எண்ணெயை நாம் அனைவரும் பயன்படுத்துகிறோம். மீனவர் படகுகளும் எண்ணெயால்தான் இயங்குகின்றன. எனவே இடரும் பொதுவானதே என்று கூறலாம். இவ்வாதம் ஓரளவு உண்மையே. ஆலை பலருக்கு வேலை தருவதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் பயன் பரந்து சென்று பலரை அடைகிறது. தீங்கோ குறுகிய ஒரு கரையில் குவிகிறது. அக்கரையினரிடம் இசைவு கேட்கப்பட்டதா என்பதே நீதியின் வினா.

தமிழகத்துச் சான்று ஒன்று இதனைத் தெளிவாக்கும். 2023 மார்ச் 2 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் நாகூரை அடுத்த பட்டினச்சேரியில், சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் கடலடிக் குழாயில் கச்சா எண்ணெய் கசிந்தது. அவ்வூர் மீனவர் உடைப்பை அடைப்பதோடு நிறைவுகொள்ளவில்லை. குழாயையே முற்றிலும் அகற்ற வேண்டும் என்று போராடினர். அவர்கள் கேட்டது இழப்பின் விலையை மட்டுமன்று. தம் கடலடியில் எது கிடக்கலாம் என்று முடிவு செய்வதில் தமக்குரிய இடத்தை.

மனுநீதிச் சோழன் கதையில் தேரினும் முதன்மையானது அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணி. பேசவியலாத பசுவுக்கும் எட்டும் உயரத்தில் அது இருந்தது. ஆனால் அம்மணியும் கன்று இறந்த பின்னரே ஒலித்தது. குழாய் பதிக்கும் முன்பே கரையினர் அசைக்கத்தக்க மணி ஒன்று இன்று தேவைப்படுகிறது.

முடிவுரை

எண்ணம் இல்லாமையால் பொறுப்பு நீங்குவதில்லை என்பதில் இந்தியச் சட்டமும் தமிழ் மரபும் ஒன்றுபடுகின்றன. அதற்கு அடுத்த படியாக, பொறுப்பு கசிந்த நாளில் அன்றிக் குழாய் பதித்த நாளிலேயே தொடங்குகிறது என்பதை நாம் ஏற்றாக வேண்டும். அவ்வாறு ஏற்கும்போது, முன்கூட்டியே குழாயைச் சோதித்தலும், பழுதுற்றதை மாற்றுதலும், கரையினரின் இசைவைப் பெறுதலும் நிறுவனங்கள் காட்டும் பெருந்தன்மையாக அன்றி, அவை தீர்க்க வேண்டிய கடனாகின்றன. திருக்குறள் செயலுக்கு முன் ஆராய்தலைத் ‘தெரிந்துசெயல்வகை’ எனத் தனி அதிகாரமாக வகுத்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.