முதல் பீடி யார் கணக்கில்?

பருவமெய்தாத பிள்ளையின் பிழை அவன் ஏட்டில் எழுதப்படுவதில்லை. ஃபிக்ஹு ஓதத் தொடங்கும் மாணவரும் அறிந்த சட்டம் இது. அப்படியானால், பன்னிரண்டு வயதுப் பையன் குளத்துக்கரையில் ஒளிந்திருந்து இழுக்கும் முதல் பீடி யார் ஏட்டில் பதிவாகிறது?

கெட்ட சேர்க்கை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்கிறோம். அந்தச் சேர்க்கைக்கும் முன்னால், "ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கி வா" என்று சில்லறை கொடுத்து அனுப்பியவர் வாப்பாதானே! கிராமத்துக் கடைக்காரருக்கு இன்னார் மகன் என்று தெரியும். வீட்டுக்குத்தான் என்றெண்ணிக் கேள்வியின்றிக் கொடுத்துவிடுவார். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ பிள்ளைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. குடித்தவனை விட்டுவிட்டுக் கொடுத்தவரைப் பிடிக்கிறது.

பையன் ஏன் ஆசைப்படுகிறான்? ஆளாகிவிட்டதைக் காட்ட அவனுக்கு வேறு அடையாளம் தெரியவில்லை. தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியைத் தாண்டியதும் பற்றவைக்கும் பெரியவர்களை அவன் பார்க்கிறான். பயானில் கேட்டதைவிட வாசலில் கண்டதே மனத்தில் தங்கும். படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனாலோ, பீடி குடிக்கிறவனுக்கு ஐந்து நிமிடம் ஓய்வு. குடிக்காதவனுக்கு அந்த ஐந்து நிமிடமும் வேலை.

புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். முற்கால இமாம்கள் அதைக் கண்டதில்லை. பின்வந்த உலமாக்களுள் சிலர் ஹராம் என்றனர், சிலர் மக்ரூஹ் என்றனர். இந்தக் கருத்து வேறுபாட்டின் நிழலில் வளர்ந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். பிள்ளைக்கு அதில் இடமேது? நிக்கோடின் வளரும் மூளையை விரைவில் பிடித்துக்கொள்கிறது. பருவமெய்தி அவன் கணக்கு தொடங்கும் நாளில், விடுவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வலிமை பாதி போயிருக்கும். நாம் அடிமையாக்கி ஒப்படைத்த பிறகு அவன் விசாரிக்கப்படுகிறான்.

இன்னும் கடினமான இடம் ஒன்றுண்டு. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியேறாமல் செய்யக் கிடைத்த வேலை அது. அந்தத் தூளின் வாடையிலேயே வளர்கிறவனுக்குப் புகையிலை அந்நியமாகுமா? ஆனால் அந்த உம்மாவைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. வேறெந்த வேலையை அவள் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்? ஸகாத் நிதியில் தையல் இயந்திரம் வாங்கித் தரும் ஜமாஅத்துகள் உண்டு. தைத்ததை விற்றுக் கொடுக்கவும் ஆள் வைத்த ஜமாஅத் அரிது.