‘ஹலோ’வில் பிறந்த படம்

2014-இல் மிஹால் ஜலெவ்ஸ்கி, ‘ஹலோ’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்த கோப்பைக் கொடுத்து, ஜேபெக் படம் திறக்கும் நிரல் ஒன்றின்மீது தன் ஏஎஃப்எல் சோதனைக் கருவியை ஓடவிட்டார். ஜேபெக் என்றால் என்னவென்றே கருவிக்குத் தெரியாது. பைட்டுகளைக் கண்டபடி மாற்றும். நிரலுக்குள் புதுப் பாதை திறந்தால் அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறையை அதிலிருந்து உண்டாக்கும். முதல் பைட் 255 ஆனதும் நிரல் சற்றே வேறு வழியில் போனது, அதுவே பிடி. சுமார் ஆறு மணி நேரத்தில் 3 பிக்சல் அகலம், 784 பிக்சல் உயரத்தில் ஒரு வெற்றுச் சாம்பல் படம் வந்துவிட்டது. குருட்டு அதிர்ஷ்டமா? எல்லா பைட்டும் ஒரே வீச்சில் சரியாக விழக் காத்திருந்தால் ஆயுள் போதாது. பாதையெல்லாம் நடந்தால் பிழையெல்லாம் தெரியுமா என்றால், தெரியாதுதான். நிரல் முடங்கினால் கருவி பிடித்துவிடும். ஆனால் ஒரு வங்கி நிரலில் வட்டிக் கணக்கு தப்பாக வந்தால் கண்டுகொள்ளாமல் போய்விடும். சரியான விடையைச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அந்தச் சாம்பல் படம் தோன்றியிருக்காது என்பது வேறு விஷயம்.