கண் தெரியாத கடைக்காரம்மா



1985-ல் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா 4’ கேமில் ஆடுபவரின் லட்சியமே ‘அவதார்’ ஆவதுதான். நம்ம அவதாரம் என்ற சொல்தான் அது. கொல்வதற்குப் பெரிய வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, பணிவு என எட்டு குணங்களில் தேறணும்.

அதில் மந்திர மூலிகை விற்கும் அம்மாவுக்குக் கண் தெரியாது. காசை நாமே எண்ணிக் கொடுக்கணும். குறைச்சுக் கொடுத்தாலும் வாங்கிக்குவாங்க. ஆனா உள்ளே நேர்மைக் கணக்கு குறைஞ்சிடும்; திரையில் அது தெரியாது.

‘ஏமாத்தினது பொம்மைதானே?’ என்போம். பொம்மைக்கு ஏது ஆசை? பட்டனை அழுத்தின விரல் யாருடையது?

இந்த உடம்பும் நாம போட்டிருக்கும் வேடம்தான். கழற்றும்போது கூட வருவது வினை மட்டுமே. கடைக்காரம்மா பார்க்கலைன்னாலும் வேலவன் பார்க்கிறான். சரியா எண்ணிக் கொடுப்போம்.

ஓம் சரவணபவ!