பிடுங்காமல் விட்ட மூலை

மாரி தொடங்கி மூன்றாம் கிழமை, திருகோணமலைப் பக்கத்து நிலாவெளி வளவுகளில் யாரும் விதைக்காத ஒரு பச்சை எழும்பும். வேலிக்கரை, வெங்காயப் பாத்தியின் ஓரம், 2004 சுனாமிக்குப் பிறகு ஆட்கள் திரும்பாத காணியின் அத்திவாரம் என்று எங்கும் அதுதான். நாய்வேளை. நாய்க்கடுகு என்பாரும் உண்டு. வேண்டாததற்கு முன்னால் 'நாய்' என்று சேர்த்துவிட்டால் அதன்பிறகு அதைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்பது நம் பழக்கம்.

நானும் வருஷக்கணக்காய்ப் பிடுங்கி எறிந்தவன்தான். ஒரு மாரியில் முழங்கால் வலி படுத்தியதால் கிணற்றடி மூலையைத் துப்புரவாக்காமல் விட்டேன். அந்த மூலைதான் எனக்குப் படிப்பித்தது.

காம்பில் மூன்றோ ஐந்தோ சிற்றிலைகள். நாலு இதழ் மஞ்சள் பூ, எல்லா இதழும் மேல்பக்கமாய் ஒதுங்கி நிற்கும். விரல் நீளக் காய் வானம் பார்த்து நிமிர்ந்திருக்கும். தொட்டால் ஒட்டும், மெல்லிய மயிர்களின் நுனியில் பசை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த கிளியோம் விஸ்கோசா என்ற பெயரிலும் அந்தப் பிசுபிசுப்பே இருக்கிறது. காய்ந்த காய் நுனியிலிருந்து பிளந்தது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்: கறுத்த மண்ணிறம், கடுகிலும் சிறியது, ஒவ்வொரு மணியிலும் நத்தை ஓட்டைப் போலச் சுருளும் வரியும்.

உத்தரகாண்டின் கர்வால் மலைக்காரர் இந்த விதையை 'ஜாக்கியா' என்று சொல்லி, எண்ணெயில் பொரியவிட்டு உருளைக்கிழங்குக் கறி தாளிக்கிறார்கள். நானும் சொதிக்குத் தாளித்தேன். கடுகின் காரம் குறைவு. பல்லில் நொறுங்குவதுதான் சுகம்.

இதன் உறவான வெள்ளைப்பூ வேளை நம் இலக்கியத்தில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் பசித்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டாரோடு உண்கிறாள். நிலாவெளி உப்பளத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் நினைவு வரும். ஒரு கைப்பிடி உப்பு இல்லாத வீடு. அந்தக் கீரையை அறிந்திருந்ததால்தான் அன்று அங்கே அடுப்பு எரிந்தது. அதில் கதவைச் சாத்த என்ன இருக்கிறது? அவளது வெட்கத்தை நாம் அப்படியே வாங்கிக்கொண்டு, அவளது அறிவைக் கைவிட்டுவிட்டோம்.

வளர்ப்பது பாடில்லை. முதல் மழைக்குப் பிறகு விதையை மணலின் மேல் தூவி, கையால் ஒருமுறை தடவிவிட்டால் போதும்; ஆழப் புதைக்கக் கூடாது. அடிக்காய் முற்றும்போதும் உச்சியில் பூ இருக்கும். ஆகவே பழுத்த காய்களை வெடிக்கமுன் கிள்ளிக் கிள்ளி எடுத்து, கடதாசியில் உலர்த்தி, கசக்கி, சுளகில் புடைக்க வேண்டும். ஒரு சங்கதியில் மட்டும் கவனம். கிலுகிலுப்பைக்கும் மஞ்சள் பூத்தான், அதன் விதை நஞ்சு. அதன் காய் ஊதிப் பருத்திருக்கும், காய்ந்தால் குலுங்கும். முழு அடையாளமும் தெரியாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

அந்த முழு அடையாளத்துக்குத்தான் நாள் வேண்டியிருக்கிறது. இலையில் ஒரு துண்டு, பூவில் ஒரு துண்டு, காயில் ஒரு துண்டு என்று செடி தன் பெயரைத் தவணை தவணையாய்த்தான் சொல்லும். கடைசித் துண்டு விதையில் இருக்கிறது. முளையிலேயே பிடுங்குகிறவன் அதைக் கேட்பதில்லை. ஒன்றை அறிவதும் அது முற்றும்வரை அதை வாழவிடுவதும் ஒரே வேலைதான் என்று அந்த மூலையில்தான் கண்டேன்.

வருகிற மாரியில் உங்கள் வளவிலும் ஒரு மூலையைக் கொத்தாமல் விடுங்கள். காய் வெடிக்கும்வரை.