கரையிலே நடக்க ஆள் வேண்டும்



நம் ரெட்டிபாளையத்தில் பிள்ளைகளுள்ள வீடுகள் பலவற்றில் ஒரு சைக்கிள் திண்ணை ஓரமாய்ச் சாய்ந்து நிற்கிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்தது. பள்ளிக்கூட நாட்களில் ஓடுகிறது, விடுமுறையில் துருப்பிடிக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகும் ரஸ்தாவிலே பிள்ளையைச் சும்மா சுற்றிவர அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

ஆகையால் உங்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். தண்ணீர்க் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை கண்டு, பலகாரம் சாப்பிட்டு, தகப்பனும் பிள்ளைகளுமாய்ச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, திருமானூர்ப் பக்கம் புள்ளம்பாடி வாய்க்கால் கரைக்குப் போய் வாருங்கள். நீந்தத் தெரியாத சிறுவர்களைத் தண்ணீரண்டை விடாதேயுங்கள். மற்றப்படி மெதுவாகப் போங்கள். “வேடிக்கை பார்க்கவா, சுவாமி?” என்று கேட்பீர்கள். ஆம், வேடிக்கை பார்க்கத்தான். ஆனால் அந்த வேடிக்கையில் ஒரு ஞானப் பாடமும் இருக்கிறது.

முக்கொம்புக்கு மேற்கே காவிரியில் பிரிந்து நம் மாவட்டத்துக்கு வருகிற வாய்க்கால் அது. காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில் வெட்டப்பட்டது. வழக்கமாய் ஆகஸ்டு 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள் அதில் தண்ணீர் விடுவார்கள். திருச்சி, அரியலூர் மாவட்டங்களில் 22,000 ஏக்கருக்கு மேல் அதனால் விளைகிறது. சோழர் காலத்துச் செம்பியன் மாதேவியின் பெயர் தாங்கிய கண்டராதித்தம் பேரேரியும் அந்தத் தண்ணீரால் நிறைகிறது.

காரிலோ பஸ்ஸிலோ போகிறவனுக்கு வாய்க்கால் என்பது பாலத்தின் கீழே ஒரு நொடியில் மறைகிற தண்ணீர். கரைமேல் சைக்கிளில் போகிறவனுக்கு அப்படியல்ல. மதகுக்கு மதகு அவன் நிற்கிறான். எந்த மதகின் பலகை உடைந்திருக்கிறது, எங்கே காட்டாமணக்கு மண்டியிருக்கிறது, எந்த வளைவில் கலியாண வீட்டு எச்சில் இலையும் பிளாஸ்டிக் தம்ளரும் ஒதுங்கியிருக்கின்றன, எல்லாம் அவன் கண்ணுக்குப் படும். இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தால் கடைமடை வரும். அங்கே ஒரு விவசாயி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி நிற்பான். நாம் கொட்டிய குப்பைதான் அவன் வயலுக்குப் போகிற தண்ணீரை மறித்தது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கண்ணால் காண்பார்கள்.

கரையிலே நடக்க ஆளில்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலுள்ள பக்கிங்காம் கால்வாயே சாட்சி. மயிலாப்பூரிலே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கும் அந்தக் கறுத்த நீரைப் பார்த்திருப்பீர்கள். ஆந்திர தேசத்துப் பெத்தகஞ்சாம் முதல் நம் மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் தூரம் படகு போன நீர்வழி அது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அதைத் தொடங்கினார். பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் ஜனங்களை வாட்டியபோது, பசித்தவர்களுக்குக் கூலி கொடுக்கிற நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அக்காலத்துக் கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. எலும்பும் தோலுமாய் மண் சுமந்தவர்களின் பெயரைச் சர்வேசுரன் ஒருவரே அறிவார்.

உப்பும் விறகும் நெல்லும் அதில் போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கி, கயிற்றை மேலே மாட்டிக்கொண்டு படகை இழுத்து நடப்பார்கள். கவிஞர் பாரதிதாசன் அவ்வழியே படகில் போய் அந்த ஏழைகளின் பாட்டைக் கண்டார். “மாவலிபுரச் செலவு” என்ற பாட்டிலே அதை எழுதிவைத்தார். கரை சரிந்திருந்தால் முதலில் அறிவது படகிழுக்கிறவனுடைய கால். மண் தூர்ந்திருந்தால் முதலில் அறிவது அவனுடைய தோள். ஏனெனில் கயிறு கனக்கும். அவன் நாள்தோறும் நடந்தது பிழைப்புக்காக. ஆனாலும் அவனே அந்தக் கால்வாய்க்குக் காவலனாயிருந்தான்.

ரயிலும் லாரியும் வந்தன. 1965, 1966-ம் வருஷப் புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. படகு நின்றது, கரையில் நடப்பவனும் நின்றான். முதலில் ஒருவன் குப்பை கொட்டினான், கேட்பாரில்லை. பிறகு பத்துப் பேர் கொட்டினார்கள். பிறகு சாக்கடை வந்து விழுந்தது. கடைசியில் ரயில் பாதைக்குத் தூண்களே அதற்குள் இறங்கின.

இங்கிலாந்திலும் ஒரு கால்வாய்க்கு இந்தக் கதி வந்தது. ரெடிங் நகரையும் பிரிஸ்டல் நகரையும் இணைக்கும் கெனட்–ஏவன் கால்வாய் 1810-ல் முடிந்தது. நீளம் 140 கிலோமீட்டர். அங்கே கரையில் நடந்து படகை இழுத்தவை குதிரைகள். ரயிலால் அது நலிந்து, 1950-களில் பல பகுதிகள் மூடிக்கிடந்தன. ஆனால் அவ்விடத்து ஜனங்கள் விட்டுவிடவில்லை. கூலி வாங்காமல் பல வருஷம் சேறு அள்ளினார்கள், இடிந்ததைக் கட்டினார்கள். 1990-ல் எலிசபெத் அரசி அதை மறுபடி திறந்துவைத்தார். இன்றைக்குக் குதிரை நடந்த அதே கரையில் குடும்பம் குடும்பமாய்ச் சைக்கிள் விடுகிறார்கள். ஆள் நடமாட்டமுள்ள கரையில் துணிந்து குப்பை கொட்டுவது எளிதல்ல.

வேதாகமத்திலே பிதாப்பிதாவாகிய ஈசாக்கு செய்த காரியமும் இதுதான். தன் தகப்பன் அபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பிலிஸ்தேயர் மண் போட்டுத் தூர்த்திருந்தார்கள். ஈசாக்கு அவற்றைத் தேடிப்போய் மறுபடி தோண்டினார். பழைய பெயர்களையே மீண்டும் இட்டார். தகப்பன் வெட்டியதைக் காப்பது மகன் கடமை.

பிரியமானவர்களே, உங்கள் ஆத்துமமும் ஒரு வாய்க்காலே. தேவ வரப்பிரசாதம் அதில் வருவது உங்களுக்காக மட்டுமல்ல. உங்களைக் கடந்து கடைமடைக்கும் போகவேண்டும். ஆத்தும சோதனை என்பது அந்தக் கரையில் தினமும் நடந்து பார்ப்பது. பெரும் பாவம் ஒரே நாளில் வந்து அடைப்பதில்லை. நாம் எட்டிப் பார்க்காத நாட்களில் கொஞ்சங் கொஞ்சமாய்த் தூர்கிறது. சனிக்கிழமை கொடுக்கவேண்டிய கூலியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினேனா? பாகப்பிரிவினையில் தம்பிக்கு வரவேண்டியதை மறித்தேனா? மருமகள் பேச வாயெடுத்தபோது அடக்கினேனா? இப்படி மதகுக்கு மதகு நின்று பாருங்கள்.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். இரவில் படுக்குமுன் குடும்பமாய் முழந்தாளிட்டு, ஐந்து நிமிஷம் அன்றைய நாளின் கரையில் நடந்து பாருங்கள். தண்ணீர் ஓடுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வாய்க்கால் கரைக்குப் போங்கள். போகும்போது ஒரு சாக்கும் எடுத்துப்போங்கள். வழியில் கிடக்கும் போத்தலையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கி அதில் போடுங்கள். மதகு உடைந்திருந்தால் லஸ்கரிடம் சொல்லுங்கள். கடைமடையில் நிற்கிறவனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, “தண்ணீர் வந்துவிட்டதா, ஐயா?” என்று விசாரியுங்கள். பிறர் சிநேகம் இப்படித்தான் ஆரம்பமாகிறது.

சர்வேசுரன் உங்கள் வீடுகளையும் வயல்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்கு சுவாமி